கொத்தனார் பூசாத வீடு

செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஒரு கரண்டி சாந்துகூட இல்லை. வெறும் கல்லை வைத்தே ஒரு வீடு கட்டிவிட முடியுமா?

பழனிமலையில் தாண்டிக்குடிப் பக்கம் போனால் பதில் கிடைக்கும். பாறை மேல் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, உச்சியில் பெரிய கல் ஒன்றை மூடியாகப் போட்டிருக்கிறார்கள். மேல்கல்லின் பாரம்தான் பிடிமானம்!

இவைதான் கல்திட்டைகள். பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது; தமிழகத்தில் பல ஊர்களில் இவற்றைக் ‘குள்ளர் வீடு’ என்பார்கள்.

சேசு சபைப் பாதிரியார்கள் ஆங்லேட், நியூட்டன் இருவரும் இந்த மலையெங்கும் இவற்றைத் தேடி ஆராய்ந்தார்கள். அவர்கள் எழுதிய நூலை 1928-இல் வெளியிட்டது இந்தியத் தொல்லியல் துறை.