முந்தின இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது?

பென்சில் முனை உடைந்ததற்காகப் புத்தகப் பையையே தூக்கி எறிகிற பிள்ளையைப் பார்த்தால், ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்’ என்று ஊர் சொல்லிவிடும். ஏ.டி.எச்.டி. என்கிற கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளிடம் இந்தக் கொந்தளிப்பு அதிகம். கண்டிப்பதற்கு முன், முந்தின இரவு பிள்ளை எப்போது தூங்கியது என்று கேட்க வேண்டும். தூக்கம் கெட்டால், பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி எதற்கும் துள்ளுகிறது. அதை அடக்கும் மூளை முன்பகுதியின் பிடி தளர்கிறது. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கோ அந்த முன்பகுதி முதிர்வதே தாமதம். மான்ட்ரியாலில் ரியூட் குரூபர் குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குறைபாடே இல்லாத 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 34 பேர் கலந்துகொண்டார்கள். ஐந்து இரவுகள் சராசரியாக 54 நிமிடம் தூக்கம் குறைந்தவர்களுக்கு எரிச்சலும் அழுகையும் கூடின. 27 நிமிடம் கூடுதலாகத் தூங்கியவர்கள் நிதானப்பட்டார்கள். நடத்தையை மதிப்பிட்ட ஆசிரியர்களுக்கு யார் எந்தக் குழு என்பது தெரியாது.

துறுதுறுப்பால்தானே தூக்கம் வரவில்லை, தூக்கத்தை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சில பிள்ளைகளுக்குக் கவனக்குறைபாட்டுக்கான மருந்தே தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் தூக்கம் வெறும் விளைவு என்றால், அதைச் சரிசெய்வதால் பகலில் எதுவும் மாறக்கூடாது. மெல்பர்னில் ஹேரியட் ஹிஸ்காக் குழுவினர் கவனக்குறைபாடு உள்ள 244 பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். பெற்றோருக்கு இரண்டு நேர்காணல், ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்த வழிகளில் ஒன்று இது: பத்தரைக்குத்தான் தூங்குகிற பிள்ளையை எட்டரைக்கே படுக்கவைத்துப் போராடாமல், முதலில் பத்தரைக்கே படுக்கவிட்டு, பிறகு சிறுகச் சிறுக முன்னே நகர்த்துவது. மூன்று மாதத்தில், கடுமையான அல்லது நடுத்தரத் தூக்கச் சிக்கல் இந்த உதவி கிடைக்காத குழுவில் 56 சதவீதம், கிடைத்த குழுவில் 30. கவனக்குறைபாட்டு அறிகுறிகளும் ஓரளவு தணிந்தன. ஆசிரியர்களும் மாற்றத்தைக் கண்டார்கள்.

தூக்கத்தைச் சரிசெய்வதே குணமாக்கும் வைத்தியம் என்று சொல்லமாட்டேன். நெதர்லாந்தில் கவனக்குறைபாடு உள்ள 105 பிள்ளைகளிடம் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த 2007 ஆய்வில், தூக்கம் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முன்னே வந்தது. நான்கு வாரத்தில் நடத்தை மட்டும் மாறவில்லை. மெல்பர்னிலும் அறிகுறிகள் தணிந்ததில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் தூக்கத்தின் வழியாக வந்தது. மீதி, படுக்கை நேரச் சண்டை ஓய்ந்ததால் கிடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன். மாத்திரை அந்தச் சண்டையைத் தொடுவதில்லை. ஆகவே மருந்துச் சீட்டு எழுதும் அறையிலேயே பிள்ளை தூங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் மருத்துவர் ஒரு வரியில் குறித்துக்கொள்ளட்டும். கடைசி வேளை மருந்து எப்போது, தூக்கத்தைக் கெடுக்கும் குறட்டை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.