பச்சிளம் பிள்ளைக்குச் சளி பிடித்தால்

மலேசியாவில் பேறுகால விடுப்பு 98 நாள். அது முடிந்ததும் செமினித் தாமான்களில் பல தாய்மார்கள் பிள்ளையைப் பராமரிப்பகத்தில் விட்டுவிட்டு காஜாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆறு மாதம் நிறையாத அந்த வயதில்தான் ஆர்.எஸ்.வி. வைரஸ் மிகக் கடுமையாகத் தாக்குகிறது.

பெரியவர்களுக்கு வெறும் மூக்கொழுகலாக வந்துபோகும் இந்தக் கிருமி, பச்சிளம் பிள்ளையின் நுண்ணிய மூச்சுக்குழாய்களை வீங்கவைத்துச் சளியால் அடைத்துவிடும். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1982 முதல் 2008 வரை சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மாதிரிகளை ஆராய்ந்தார்கள். வைரஸ் தென்பட்டவற்றில் பத்தில் ஏழு ஆர்.எஸ்.வி.தான். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை அது உச்சத்தில் இருந்தது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புகளில் பிள்ளை கைமாறிக் கைமாறி முத்தம் வாங்கும் மாதங்கள் அவை. சளி பிடித்த உறவினரிடம் பிள்ளையைக் கொடுக்க மறுப்பது மரியாதைக் குறைவு ஆகாது.

காய்ச்சலே இல்லாமலும் நிலை மோசமாகலாம். அதனால் மூச்சையும் பாலையும் கவனியுங்கள். நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குவது, வழக்கத்தில் பாதிப் பால்கூடக் குடிக்காதது, பல மணி நேரம் டயப்பர் நனையாதது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு நின்று நின்று வந்தாலோ 999 எண்ணை அழையுங்கள். மூன்றாவது நாளிலிருந்து ஐந்தாவது நாள் வரை நோய் முற்றும். முதல் நாள் கிளினிக்கில் பார்த்தாயிற்று என்று இருந்துவிடக் கூடாது.

நம் வீட்டுப் பாட்டிகள் அன்போடு செய்யும் இரண்டு காரியங்களையும் சொல்லியாக வேண்டும். குளிப்பாட்டியபின் போடும் சாம்பிராணிப் புகை இளம் நுரையீரலை உறுத்தும். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவே வரலாம். இரண்டையும் நிறுத்துங்கள்.

இது வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் உதவாது. மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுப்பார்கள், சளியை உறிஞ்சி எடுப்பார்கள், தேவைப்பட்டால் குழாய் வழியே பால் செலுத்துவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் தேறிவிடுவார்கள். தனியார் மருத்துவமனைதான் பக்கத்தில் என்றால் பணத்தை நினைத்துத் தயங்காதீர்கள்: 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிராபத்தில் வரும் எவருக்கும் அவசர உயிர்காப்புச் சிகிச்சை தரும் ஏற்பாடு அங்கே இருந்தாக வேண்டும்.

பிள்ளையை விடும் பராமரிப்பகத்தையும் சரிபாருங்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பகம் சமூக நலத்துறையில் பதிந்திருக்க வேண்டும்; ஒரு வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்காக வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித்தரும்படி முதலாளியிடம் எழுத்தில் கேட்கலாம். 60 நாளுக்குள் அவர் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும்.

இப்போது தடுப்பும் வந்துவிட்டது. தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் போடும் தடுப்பூசி ஒன்று, பிள்ளைக்கே போடும் நிர்செவிமாப் ஊசி மற்றொன்று. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆபத்து கூடுதல் என்பதால், அந்தப் பெற்றோர் அடுத்த பரிசோதனையிலேயே இதைப்பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.