கடல் கணக்கு – 7: இரண்டாவது கொப்பி

முன்கதைச் சுருக்கம் வேண்டுமாம், ஆசிரியர் நிற்கிறார். ஒரே வரி: உல்லாசக் கப்பல் விளம்பரத்தில் போடும் விலை, ஓர் அறையை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு விழுவது, தனியே போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேரின் காசைக் கட்டவேண்டும். மற்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இந்த வாரம் விசாவும் கரைச் சுற்றுலாவும் என்று சொல்லியிருந்தேன். நுகேகொடை வீட்டு மேசையில் உட்கார்ந்த நேரம் பார்த்து, ஸ்கார்பரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள் ஒரு பில்லைப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். புளோரிடாவில் ஏறி, நாலு பேர், ஏழு இரவு. டிக்கெட் காசு எப்போதோ கட்டியாயிற்று. இது இறங்கும் நாள் காலையில் கையில் வந்தது.

முதல் வரி சேவைப்பணம். ஆளுக்கு நாளொன்றுக்கு 16 டொலர். நாலு பேருக்கு 448 டொலர். ஆறு வயதுச் சின்னவனுக்கும் சேர்த்துத்தான். அடுத்தது குடிவகை. "சாப்பாடு எல்லாம் அடக்கம்" என்றால் தண்ணீர், தேநீர், சாதாரணக் கோப்பி அடக்கம். சோடாவும் நுரை பொங்கும் கோப்பியும் தனி. ஒவ்வொன்றின் தலையிலும் 18 வீதம். பிறகு இன்டர்நெட், படங்கள். கடைசியில், கசினோ!

அத்தான் லொத்தர் சீட்டுக்கூட வாங்காதவர். "துறைமுகத்தில நிக்கேக்க பூட்டியிருந்தது. வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில லைற் எல்லாம் போட்டாங்கள், சும்மா பாக்கப் போனம்" என்கிறார் அக்கா.

ஏன் பூட்டியிருந்தது? இந்தக் கேள்விதான் இந்த வாரம் என்னை விழுங்கிவிட்டது. கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீற்றர் வரை அந்தந்த நாட்டுக் கடல். அதைத் தாண்டினால்தான் பெரும்பாலான கப்பல்களில் சூதாட்ட மேசையும் தீர்வையற்ற கடையும் திறக்கும். பழைய காலத்தில் இந்த எல்லையைப் பீரங்கியால் அளந்தார்கள். ஆயுதத்தின் வலிமை முடியும் இடத்தில் நிலத்தின் அதிகாரமும் முடிகிறது என்று 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிவைத்தவர் பைங்கர்ஷூக் என்ற ஒல்லாந்தச் சட்டவறிஞர். அப்போது கொழும்புக் கோட்டையில் பறந்ததும் ஒல்லாந்தர் கொடிதான். பிறகு அது மூன்று மைலாகி, 1982இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையில் 12 ஆக நின்றது. அந்த மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் யார்? நம்முடைய ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. அத்தானின் காசு எந்த இடத்தில் பறக்கத் தொடங்கலாம் என்ற கோட்டில் ஓர் இலங்கையரின் கையும் இருக்கிறது!

சந்தோஷம் தாங்காமல் வெள்ளவத்தைக் கடற்கரைக்கே போய் நின்று பார்த்தேன். நிற்கிற மனிதனின் கண்ணுக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீற்றருக்குள்தான். அந்தக் கோடு அதற்கும் எவ்வளவோ அப்பால். கண்ணுக்கு எட்டாத இடத்தில்தான் கடையைத் திறக்கிறார்கள்.

சரி, பில்லுக்கு வருவோம். கப்பலில் காசுத்தாள் புழங்காது. அறைத் திறப்பாகிற அதே அட்டைதான் காசும். "கார்ட்டை நீட்டேக்க காசு போற மாதிரியே தெரியேல்லை" என்றார் அக்கா. அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் கொப்பி ஞாபகம் வந்தது. வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் சந்திக் கடையில் எங்களுக்கு மாதக் கணக்கு. முதலாளி தன் கொப்பியில் எழுதுவார். அம்மா வீட்டுக்கு வந்து, பையை வைக்கமுதல், தன் கொப்பியில் எழுதுவார். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துவந்தால்தான் காசு. ஒருமுறை ஒரு சவர்க்காரக் கட்டிக்காக அரை மணித்தியாலம் நின்றார்கள். முதலாளிதான் அடித்துவிட்டு எழுதினார்.

கப்பல் அட்டையும் கடைக் கொப்பிதான். நம்மிடம் இரண்டாவது கொப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே தினமும் படுக்கமுதல் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். அறைத் தொலைக்காட்சியிலோ வரவேற்பு மேசையிலோ காட்டுவார்கள். பிழை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். இறங்கும் காலையில் அந்த மேசைக்கு முன்னால் வரிசை வால் நீண்டிருக்கும். பல கப்பல்களில் கடனட்டைக்குப் பதில் கைக்காசை முற்பணமாகக் கட்டலாம். அது தீர்ந்தால் அட்டை வேலை செய்யாது. போனைக் கரை மறையமுதல் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் சொந்தச் செய்மதி வலையமைப்பைப் பிடித்து, சும்மா கிடந்தே காசு தின்னும்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்ததிலிருந்து இங்கேயும் பலருக்கு ஆசை பிடித்திருக்கிறது. போங்கள். ஒரு கொப்பியும் கொண்டுபோங்கள்.

இடம் முடிந்துவிட்டது. விசா அடுத்த வாரம், சத்தியமாக. அதற்குள் இதை யோசித்துவையுங்கள்: ஒரே தடவை நுழையும் ஷெங்கன் விசாவோடு பார்சிலோனாவில் கப்பலேறி, நடுவில் துனிசைப் பார்த்துவிட்டு, திரும்பவும் பார்சிலோனாவில் இறங்க வந்தால் என்ன நடக்கும்?