மரம் வளர்க்க மாதச் சம்பளம்!

"அம்மா, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. மாதம் 60 ஆயிரம் ரூபாய் சம்பளம்!"

"ஆபீஸ் எங்கேப்பா?"

"ஆபீசில் உட்காருகிற வேலை இல்லை, அம்மா. ஊர் ஊராகப் போக வேண்டும். ஏரி, குளம், காடு எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவற்றைக் காப்பாற்றும்படி ஜனங்களிடம் பேச வேண்டும்."

இப்படி ஒரு மகன் வந்து சொன்னால் தாயார் என்ன நினைப்பாள்? பிள்ளையை யாரோ ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைப்பாள்!

ஏமாற்று இல்லை. 2023-ம் ஆண்டு தமிழ்நாட்டில் இப்படி ஒரு வேலைக்கு உண்மையாகவே ஆள் எடுத்தார்கள். அதன் பெயர் "முதல்-அமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம்." பெயர் கொஞ்சம் பெரிதுதான். படித்த வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் உபகாரச் சம்பளம் கொடுத்து, மாவட்டத்துக்கு ஒருவராக அனுப்புவது என்பதே அதன் பொருள். மாதம் 60 ஆயிரம் ரூபாய். பிரயாணம் முதலிய செலவுகளுக்கு இன்னும் 10 ஆயிரம். இரண்டு ஆண்டு வேலை.

ஒவ்வொரு மாவட்டத்திலும் பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஒரு இயக்கம் ஏற்படுத்தினார்கள். அதற்குத் தலைவர் கலெக்டர். காட்டிலாகா அதிகாரியும் அதில் உண்டு. கலெக்டருக்கு ஆயிரம் வேலை. குளத்தங்கரையில் நின்று பேச அவருக்கு நேரம் ஏது? அங்கே போய் நிற்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர். 100 நீர்நிலைகளை ஐந்து ஆண்டில் சீர்படுத்துவது, மாநிலத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 33 பங்காக உயர்த்துவது என்றெல்லாம் அரசாங்கம் திட்டம் போட்டிருந்தது. திட்டத்தைக் காகிதத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை இவருடையது.

கொள்ளுக்குடிப்பட்டிக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

"இதற்கெல்லாம் சம்பளமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். அங்குள்ள கண்மாய்க்கு ஆண்டுதோறும் பறவைகள் வருகின்றன. தீபாவளி அன்று அந்த ஊரில் வெடிச் சத்தம் கேட்காது. பறவைகள் பயந்து ஓடிவிடுமாம்! பட்டாசுக்கு ஆசைப்படாத குழந்தை உண்டா? ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த ஆசையை அடக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு யாரும் மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. வேடந்தாங்கலிலும், திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்திலும் கிராமத்தார் பறவைகளை வீட்டு விருந்தாளிகளைப் போலத்தான் பார்த்து வந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேடந்தாங்கல் ஏரியில் விழும் பறவை எச்சம் வயலுக்கு உரமாயிற்று. காத்தவன் வயலே விளைந்தது. எல்லா இடத்திலும் இப்படி அமைவதில்லை. காட்டோரத்துக் குடியானவனின் பயிரை யானை மிதிக்கிறது. ஆட்டைச் சிறுத்தை தூக்குகிறது. நஷ்டம் அவனுக்கு. அந்தக் காட்டிலிருந்து வருகிற தண்ணீரோ எங்கேயோ ஒரு பட்டணத்துக்குப் போகிறது. அவனிடம் போய், "காட்டைக் காப்பாற்று" என்று வெறுங்கையோடு சொன்னால் அவன் கேட்பானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேக்கடியில் கிடைத்தது. அது நமக்கு வேண்டாத ஊர் அல்ல. கம்பத்திலிருந்து மலை ஏறினால் குமுளி; குமுளியைத் தாண்டினால் தேக்கடி. அங்கே 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர்தான் தேனி, மதுரை வயல்களுக்கு வருகிறது. அணையைச் சுற்றியுள்ள காடு 1978 முதல் புலிகள் காப்பகம். அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர்.

பட்டை உரித்த 23 பேர்

அந்தக் காட்டில் வயணா என்ற மரம் உண்டு. பட்டை மணக்கும். நம் வீட்டுச் சமையலில் போடும் பட்டைக்கு அது ஒரு வகையில் உறவு. பட்டைக்கு விலை உண்டு. ஆகவே திருட்டும் உண்டு. சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டால் மரம் பட்டுப்போகும்.

இந்தத் திருட்டையே தொழிலாகக் கொண்ட கூட்டத்தார் இருந்தார்கள். நாள் கணக்கில் காட்டுக்குள்ளேயே தங்குவார்கள். யானை எந்த வழியில் வரும், தண்ணீர் எங்கே கிடைக்கும், கார்டு எந்த நேரத்தில் ரோந்து வருவார், எல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். கேஸ் போட்டார்கள். வெளியே வந்ததும் மறுபடியும் காட்டுக்குத்தான் போனார்கள். வேறு பிழைப்பு என்ன இருக்கிறது?

அப்போதுதான் காட்டிலாகா வேறு வழியை யோசித்தது. 1996-ல் உலக வங்கி உதவியோடு ஒரு திட்டம் வந்திருந்தது. இந்தியாவில் ஏழு காடுகளில் அதை நடத்தினார்கள். பெரியாறு அவற்றில் ஒன்று. காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்குப் பிழைப்பைக் காட்டி, அதன் வழியாகக் காட்டைக் காப்பது என்பது திட்டம்.

1998-ல் பட்டைக்காரர்கள் 23 பேர் ஒரு சங்கமாகச் சேர்ந்தார்கள். "பட்டை உரிப்பதை விட்டுவிடுங்கள். காடு பார்க்க வருகிறவர்களை அழைத்துப் போங்கள். கூலி உண்டு" என்பதுதான் ஒப்பந்தம்.

காடு பார்க்க வருகிறவர்கள் ஒரு சிலராக அவர்களோடு நடந்து போய், இரவு கூடாரத்தில் தங்குகிறார்கள். மூட்டை தூக்குவது, சமைப்பது, வழி காட்டுவது எல்லாம் இவர்களே. துப்பாக்கியோடு ஒரு கார்டும் கூடப் போவார். வந்தவர்கள் கொடுக்கும் கட்டணத்தில் ஒரு பகுதி இவர்களுக்குக் கூலி. மற்றொரு பகுதி சங்கத்தின் பொது நிதிக்கு.

இதிலுள்ள சூட்சுமத்தைப் பாருங்கள்! விருந்தாளியோடு நடக்கும்போதே இவர்கள் ரோந்தும் சுற்றிவிடுகிறார்கள். புதிய காலடித் தடம், அணைந்த அடுப்பு, வெட்டுப்பட்ட மரம், எதுவும் அந்தக் கண்ணுக்குத் தப்பாது. திருடன் ஒளியும் இடம் பழைய திருடனுக்குத் தெரியாதா?

மிளகும் கடனும்

மன்னான், பளியர் என்ற மலைமக்கள் அங்கே மிளகு பயிரிடுகிறார்கள். மிளகு நல்ல பணப்பயிர். ஆனால் பணம் அவர்கள் கைக்கு வரவில்லை. அறுப்புக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிடுவார்கள். கொடி காய்த்ததும் மிளகு கடனுக்குப் போய்விடும். வீட்டில் உலை வைக்கக் காட்டில்தான் கை வைக்க வேண்டும்.

அந்தக் கடனைத் தீர்க்கத் திட்டத்தில் உதவி செய்தார்கள். மிளகை ஒன்றாகச் சேர்த்து நேராக விற்க ஏற்பாடு செய்தார்கள். ரசாயன உரம் போடாத அந்த மிளகு கடல் கடந்து ஜெர்மனி வரை போயிற்று! காட்டைக் காக்க வந்தவர்கள் முதலில் கடன் கணக்கைப் பார்த்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. மேடை போட்டுப் பேசியிருந்தால் ஒரு மிளகுக்கொடிகூட மீண்டிருக்காது.

திட்டம் முடிந்தது, பிறகு?

2004-ல் உலக வங்கித் திட்டம் முடிந்தது. சாதாரணமாக இந்த இடத்தில்தான் எல்லாம் படுத்துவிடும். பணம் நின்றால் ஜீப் நிற்கும். ஜீப் நின்றால் வேலை நிற்கும்.

தேக்கடியில் அப்படி ஆகவில்லை. அதே 2004-ல் பெரியாறு அறக்கட்டளை என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். காப்பகத்தைப் பார்க்க வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணத்தோடு கூடுதலாகக் கொஞ்சம் வசூலித்து, அதை இந்த வேலைகளுக்கே செலவிட்டார்கள். படகில் போய் யானை பார்க்கிறவர், யானையைக் காக்கிறவனுக்கும் சிறிது கொடுத்துவிட்டுப் போகிறார். யாருக்கும் பாரம் இல்லை.

இன்னொரு விஷயம். 2002-ல் அந்த வட்டாரத்துப் பெண்கள் சுமார் 100 பேர் சேர்ந்து "வசந்த சேனை" என்று ஒரு படை அமைத்தார்கள். தினம் சிலராக முறை வைத்துக்கொண்டு காட்டுக்குள் ரோந்து போனார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போகிற பெண்கள்! ஒரு பைசா கூலி வாங்கவில்லை. "அப்படியானால் கூலி இல்லாமலே நடக்கிறதே" என்று சொல்லிவிடாதீர்கள். காட்டால் குடும்பங்களுக்கு வரும்படி வரத் தொடங்கிய பிறகே இந்தச் சேனை பிறந்தது.

இனி நம் தமிழ்நாட்டு வேலைக்கு வருவோம். சம்பளம் தாராளம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆட்கள் படித்தவர்கள். என் சந்தேகமெல்லாம் அந்த இரண்டு ஆண்டைப் பற்றித்தான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு மாவட்டத்துக் கண்மாய்களின் பெயரைத் தெரிந்துகொள்ளவே சில மாதம் ஆகும். எந்த ஊரில் யார் சொன்னால் நடக்கும், எந்த ஊரில் வாய்க்கால் சண்டை இருக்கிறது என்று புரிய ஓர் ஆண்டு ஆகும். ஜனங்கள் "வாங்க தம்பி" என்று திண்ணையில் உட்காரச் சொல்லும்போது தவணை முடிந்துவிடும்.

அவர் போன பிறகு புதிதாக ஒருவர் வருவார். அவரிடமும் கிராமத்தார் முதல் கேள்வியாக, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்பார்கள். கணக்குப் பிள்ளை மாறினாலும் பேரேடு மாறாதது போல, முதலில் வந்தவர் எழுதிவைத்த குறிப்பாவது அவர் கையில் இருக்க வேண்டும். அதைவிட நல்லது, அதே ஊர்ப் பையன் ஒருவனையும் பெண் ஒருத்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கும் ஒரு சிறு தொகை கொடுப்பது. தேக்கடியில் அந்த 23 பேரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள் இல்லை.