உங்களுக்குத் தெரியுமா? சேலையூரும் அமைதிப் பள்ளத்தாக்கும்

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கி, பின்னர் அதைக் கிண்டிக்கு மாற்றிய ரோமுலஸ் விட்டேகர், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே மின்வாரியம் எழுப்பவிருந்த அணையால் நேரவிருந்த கேட்டை 1970களின் தொடக்கத்திலேயே வெளியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஆவார். மூழ்கும் பரப்பு ஏறத்தாழ 830 ஹெக்டேர்தான் என்று அணையை ஆதரித்தோர் வாதிட்டனர். ஆனால் அது ஆற்றங்கரையை ஒட்டிய பசுமைமாறாக் காடு, அதாவது ஆண்டு முழுவதும் இலை மூடியிருக்கும் மழைக்காடு என்பதையும், பெரும்பாலும் தரையிறங்காமல் கிளைவழியே சென்று வெடிப்பலா விதைகளைத் தின்னும் சோலைமந்தி என்னும் சிங்கவால் குரங்குக்கு அக்கிளைத் தொடர்ச்சியே உயிர்நாடி என்பதையும் அந்தக் கணக்கு பொருட்படுத்தவே இல்லை. பிற்காலத்தில் தரமணியில் ஆராய்ச்சி நிறுவனம் நிறுவிய எம்.எஸ். சுவாமிநாதன், மத்திய வேளாண் செயலராக இருந்தபோது திட்டத்தைக் கைவிடுமாறு பரிந்துரைத்தார். 1984 நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.