'யார் வேணாலும் வரலாம்'... ஆனா பெண்கள் 3% தான்! ஓப்பன் சோர்ஸில் என்ன சிக்கல்? முழு விளக்கம்

மாம்பழத்துக்குப் பேர்போன பெரியகுளத்தில் வீட்டில் இருந்தபடியே, உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு மென்பொருளை உருவாக்கும் வேலையில் சேர முடியுமா? முடியும். அதற்கு சென்னைக்கோ பெங்களூருவுக்கோ போக வேண்டியதில்லை. கம்ப்யூட்டரும் இணையமும் இருந்தால் போதும். 'ஓப்பன் சோர்ஸ்' தரும் வாய்ப்பு இது. ஆனால் இதில் பெண்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. ஏன் இந்த நிலை?

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்ன?

ஒரு மென்பொருளின் கோடிங்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அனுமதித்தால் அதுதான் ஓப்பன் சோர்ஸ். தமிழில் 'திறந்த மூல மென்பொருள்', 'கட்டற்ற மென்பொருள்' என்றெல்லாம் சொல்வார்கள்.

வீடியோ பார்க்கும் விஎல்சி, ஃபயர்பாக்ஸ் பிரவுசர், ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமான லினக்ஸ் எல்லாமே இந்த வகைதான். தமிழ்நாடு பிளஸ் 1 கணினிப் பாடத்தில் வரும் உபுண்டு, ஓப்பன் ஆபிஸும் இதே ரகம். ஆக, தேனி மாவட்ட அரசுப் பள்ளி மாணவிக்கும் இது புதுசு இல்லை.

பெண்கள் எத்தனை பேர்?

கோடிங்கைப் பகிரும் பெரிய தளமான கிட்ஹப், 2017-ல் ஒரு சர்வே நடத்தியது. பதில் சொன்னவர்களில் 95% ஆண்கள். பெண்கள் வெறும் 3%.

சரி, பெண்களுக்கு ஆர்வம் இல்லையா? அதுவும் இல்லை. 'இனி பங்களிக்க ரொம்ப ஆர்வம்' என்று சொன்ன ஆண்கள் 73%, பெண்கள் 68%. ஆனால் 'உண்மையில் செய்ய அதிக வாய்ப்பு இருக்கிறது' என்றவர்கள் ஆண்களில் 61%, பெண்களில் 45% மட்டுமே. ஆசை இருக்கிறது, நடுவில் ஏதோ தடுக்கிறது.

தடுப்பது எது?

முதலாவது, பேச்சு. 'நமக்கு இங்கே இடமில்லை' என்று நினைக்க வைக்கும் பேச்சை எதிர்கொண்டதாக அதே சர்வேயில் 25% பெண்கள் சொன்னார்கள். ஆண்களில் இது 15%.

இரண்டாவது, பெயர். கிட்ஹப்பில் அனுப்பப்பட்ட கோடிங் மாற்றங்களை ஆராய்ந்து, 2017-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பெண்கள் அனுப்பியதில் 78 சதவீதத்துக்கு மேல் ஏற்கப்பட்டது. ஆண்களுக்கு அது 74 சதவீதத்துக்கு மேல். அதாவது திறமையில் குறைவே இல்லை. ஆனால் ஒரு குழுவுக்குப் புதிதாக வருபவர் பெண் என்று புரொஃபைலைப் பார்த்ததும் தெரிந்தால், அந்த விகிதம் கணிசமாகச் சரிந்தது.

மூன்றாவது, நேரம். ஓப்பன் சோர்ஸில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, ஓய்வு நேரத்தில்தான் செய்ய வேண்டும். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டு சர்வேப்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு தினமும் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். ஆண்களோ 97 நிமிடம்தான். அடுப்படி வேலை முடியவே ராத்திரி ஆகிவிட்டால், கோடிங் எழுதுவது எப்போது?

2006-ல் நடந்தது என்ன?

'கதவு திறந்துதானே இருக்கு, வர வேண்டியதுதானே' என்பவர்களுக்கு இந்தச் சம்பவமே பதில்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் திரைத்தோற்றத்தை உருவாக்கும் க்னோம் அமைப்புக்கு, கூகுளின் கோடைக்காலப் பயிற்சித் திட்டத்தின் கீழ் 2006-ல் 181 விண்ணப்பங்கள் வந்தன. அதில் ஒரு பெண்கூட இல்லை. உடனே, கிட்டத்தட்ட அதே வேலையை 'பெண்களுக்கான பயிற்சி' என்று அறிவித்தார்கள். 100-க்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தார்கள். அவர்களில் 6 பேருக்கு வாய்ப்பு கிடைத்தது.

பெண்கள் இல்லாமல் இல்லை, யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

இப்போது என்ன மாறியிருக்கிறது?

அந்த முயற்சி 2010-ல் மீண்டும் தொடங்கி, இன்று 'அவுட்ரீச்சி' என்ற பெயரில் நடக்கிறது. தொழில்நுட்பத் துறையில் புறக்கணிப்பைச் சந்திக்கும் 18 வயது நிரம்பிய எவரும் விண்ணப்பிக்கலாம். மூன்று மாதப் பயிற்சி, முழுக்க ஆன்லைன். உதவித்தொகை 7,000 டாலர், நம்ம ஊர் மதிப்பில் 5 லட்சம் ரூபாய்க்கு மேல்.

பைத்தான் மொழி கற்கும் பெண்களுக்காக 2011-ல் தொடங்கிய 'பைலேடீஸ்' குழுவுக்கு இந்தியாவிலும் கிளைகள் உண்டு. 2018-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தனது கடுமையான பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டார். லினக்ஸ் குழுவுக்கு நடத்தை விதிகளும் வந்தன.

பெரியகுளம் மாணவிகள் எப்படித் தொடங்கலாம்?

1971-ல் தொடங்கப்பட்ட ஜெயராஜ் அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி இருக்கும் ஊர் இது. படிக்கும் பெண்களுக்குக் குறைவில்லை. ஆனால் நேரடிக் கூட்டம் என்றால் மதுரைக்கே சுமார் இரண்டு மணி நேர பஸ் பயணம். அதனால் ஆன்லைன் வழிதான் கைகொடுக்கும்.

* மொழி தடை என்றால் தமிழிலேயே படிக்கலாம். 2012 முதல் இயங்கும் 'கணியம்' தளத்தில் து.நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' உள்ளிட்ட நூல்கள் இலவசம்.

* கோடிங் மட்டும்தான் பங்களிப்பு என்று இல்லை. தமிழாக்கம், பிழைகளைக் கண்டுபிடித்துச் சொல்வது, வழிகாட்டிக் குறிப்பு எழுதுவது எல்லாமே கணக்கில் வரும்.

* சேரும் முன் அந்தக் குழுவுக்கு நடத்தை விதிகள் இருக்கிறதா, புகார் சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

* அவுட்ரீச்சிக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

ஏன் முக்கியம்?

இப்போதைய வேலை கிடைக்க ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு உதவியது என்று கிட்ஹப் சர்வேயில் பாதிப் பேர் சொன்னார்கள். அதனால் இந்த இடைவெளி வெறும் பொழுதுபோக்கில் இல்லை, வேலையிலும் சம்பளத்திலும் எதிரொலிக்கிறது. கல்லூரிகளும் மென்பொருள் குழுக்களும் கதவைத் திறந்து வைப்பதோடு நிற்காமல், 'வாங்கம்மா' என்று கூப்பிடவும் வேண்டும்.