நீரிறைக்கும் பம்பி: கோளாறுகளும் பராமரிப்பும்

ஆடி, ஆவணி மாதங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களில் நிற்கும் வெங்காயமும் மிளகாயும் மழையை நம்பி நிற்பனவல்ல. கிணற்றை நம்பி நிற்பன. வெங்காயம் காய் பருக்கும் காலத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் விளைவு குன்றும். முன்னாளில் ஒருவர் துலா மிதிக்க, மற்றொருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, தோட்டத்திற்கு நீர் பாய்ந்தது. இன்று அவ்வேலை முழுவதையும் ஒரு சிறு பம்பி செய்கின்றது. ஆகவே பம்பி நின்றால் பயிரும் நிற்கும். 2022 ஆம் ஆண்டு ஆவணியில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, கோளாறுள்ள பம்பி வீணாக்கும் எரிபொருளும் பெருஞ் செலவு என்பதைக் கமக்காரர் பலரும் உணர்ந்தனர்.

பம்பிக் கோளாறுகளிற் பெரும்பாலானவை தோட்டத்திலேயே கண்டு திருத்தக் கூடியவை. அதற்குப் பம்பி தொழிற்படும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

பம்பி நீரை எவ்வாறு எடுக்கின்றது

தோட்டங்களில் வழங்குவது மையநீக்கப் பம்பியாகும். அதன் உறைக்குள் இறகுச் சில்லு விரைவாகச் சுழன்று நீரை வெளியே வீசுகின்றது. வீசிய இடத்தில் அமுக்கம் குறையவே, கிணற்று நீரின்மீதுள்ள வளிமண்டல அமுக்கம் நீரை உறிஞ்சற் குழாய் வழியே மேலே தள்ளுகின்றது. வளிமண்டலம் தள்ளக்கூடிய உயரம் கணக்கின்படி ஏறத்தாழ 34 அடி. குழாயின் உராய்வு முதலியவற்றைக் கழித்தால், நடைமுறையில் 20 அடிக்கு மேல் நம்புதல் கூடாது. எவ்வளவு வலிய இயந்திரத்தைப் பூட்டினாலும் இவ்வெல்லை மாறாது.

உறைக்குள் நீரின்றி வளி இருப்பின் சில்லு சுழன்றும் பயனில்லை. ஆதலால் தொடக்கும் முன் பம்பியையும் உறிஞ்சற் குழாயையும் நீரால் நிரப்புதல் வேண்டும். நீரின்றிப் பம்பியை ஓட விட்டால் பொதிகயிறு கருகித் தண்டும் தேயும்.

பம்பி ஓடுகின்றது, நீர் வரவில்லை

முதலில் நீர் நிரப்பி, இயந்திரத்தை ஓட்டாது சிறிது நேரம் பார்த்திருத்தல் வேண்டும். நிரப்பிய நீர் மட்டம் இறங்குமாயின் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு நீரைத் தாங்கவில்லை. அதன் வாயிற் சல்லியோ இலையோ சிக்கியிருக்கலாம். தோல் அல்லது இறப்பர் வாசர் தேய்ந்திருக்கலாம். குழாயை மேலே எடுத்துத் துப்புரவாக்கி, வேண்டின் வாசரை மாற்றுக.

அதே வேளையில் உறிஞ்சற் குழாயின் மூட்டுகளையும் நோக்குதல் வேண்டும். நிறுத்திய நிலையில் துளி கசியும் மூட்டே, ஓடும்போது வளியை உள்ளிழுக்கும் மூட்டு. ஓடும்போது அங்கே நீர் கசியாது. அதனால் பலர் அதனைக் கவனியாது விடுகின்றனர்.

இவ்விரண்டும் சரியாயின், நீர் மட்டம் 20 அடிக்குக் கீழே இறங்கியதா, வடிகட்டியில் பாசி அடைத்ததா, மும்முனை மின்மோட்டர் எதிர்ப்புறமாகச் சுழல்கின்றதா என வரிசையாகப் பார்க்குக. பம்பியின் மேல் வார்க்கப்பட்டுள்ள அம்புக்குறி சுழலவேண்டிய திசையைக் காட்டும்.

தொடக்கத்தில் வந்து பின் நிற்கின்றது

இறைக்க இறைக்க நீர் மட்டம் இறங்கிப் புட்வால்வு வளியை உறிஞ்சுவதே இதற்கு முதற் காரணம். புட்வால்வு நீருக்குள் 2 அடியாவது அமிழ்ந்தும், சேறு புகாதவாறு கிணற்றின் அடியிலிருந்து ஓரடி உயர்ந்தும் இருத்தல் வேண்டும். உறிஞ்சற் குழாய் பம்பியை நோக்கிச் சிறிது ஏறுமுகமாகவே செல்லுதல் வேண்டும். இடையில் மேடாக வளைந்தால் அவ்விடத்தில் வளி தங்கி நீரோட்டத்தைத் தடுக்கும்.

நீர் குறைகின்றது, சத்தம் கேட்கின்றது

நாள்தோறும் நீர் சிறிது சிறிதாகக் குறையுமாயின் சில்லு தேய்ந்திருக்கலாம், அல்லது பட்டி வழுக்கலாம். சுண்ணக்கற் கிணறுகளின் நீர் வன்னீராதலால் குழாயினுள்ளே சுண்ணப் படிவு சேர்ந்து துவாரத்தை ஒடுக்குவதும் உண்டு. பம்பிக்குள் கல் உருள்வதுபோற் சத்தம் கேட்பின், உறிஞ்சும் பக்கத்தில் நீர் போதாமையே பெரும்பாலும் காரணம். அவ்வாறே ஓட விட்டால் சில்லு அரிக்கப்பட்டுப் பழுதாகும். நீரின் அளவைக் குறைக்க வேண்டின் வெளியேற்றும் பக்கத்திலேயே அடைத்தல் வேண்டும். உறிஞ்சும் பக்கத்தை ஒருபோதும் அடைத்தல் ஆகாது.

பொதிகயிறும் போதிகையும்

தண்டைச் சுற்றியுள்ள பொதிகயிறு முற்றாகக் கசியாதிருக்க இறுக்குவது தவறு. நொடிக்கு ஒரு துளி அளவிற் சொட்டுவதே நன்று. அந்நீரே தண்டைக் குளிரச் செய்கின்றது. புதுக் கயிறு இடும்போது ஒவ்வொரு வளையத்தின் மூட்டும் வெவ்வேறு பக்கம் வருமாறு வைத்துச் சுரைகளைச் சமமாக இறுக்குக. போதிகைக்குக் கிறீசு அளவாக இடுதல் வேண்டும். நிறைய அடைத்தாற் சூடேறும்.

மண்ணெண்ணெய் இயந்திரம்

பெற்றோலில் தொடக்கி, இயந்திரம் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது ஓட விட்டால் அடுத்த நாள் தொடக்குதல் எளிது. செம்மண் தூசி இயந்திரத்தின் பகை. வளி வடிகட்டியைக் கிழமைக்கொருமுறை துப்புரவாக்குக. பெரும்பாலான சிறு இயந்திரங்களுக்கு 100 மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுதல் தகும்.

உயிருக்கு ஆபத்து

கோடையில் நீர் இறங்கும்போது எண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது மரணத்தை வலிந்து அழைப்பதாகும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றுக்குள் தேங்கி, இறங்குபவரை அறியாமலே மயக்கிக் கொல்லும். மயங்கியவரைத் தூக்க உடனே இறங்கும் இரண்டாமவரும் அவ்வாறே மாள்வார். புகைக்குழாயை மேலே நீட்டுவதும் நம்பத்தக்க காப்பன்று. ஒருவர் உள்ளே மயங்கினால், எவரும் இறங்காது அயலவரையும் அவசர உதவியையும் அழைத்தல் வேண்டும்.

நீர் ஆழமாயின், நீரில் அமிழ்ந்து ஓடும் மின்பம்பியே தக்கது. மின்பம்பிக்கு நிலத்தொடுப்புக் கம்பியும், மின்கசிவில் தானே துண்டிக்கும் ஆளியும் இன்றியமையாதவை. ஈரக் கையால் ஆளியைத் தொடுதல் ஆகாது.

பெரிய பம்பி நல்லதா?

குடாநாட்டின் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நிற்குமாயின், அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. மேலே ஓரடி குறைந்து அவ்வாறே நிலைக்குமாயின், கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறிவரும். பெரிய பம்பியாற் கிணற்றை ஒரே மூச்சில் வற்றச் செய்வதினும், சிறிய பம்பியாற் காலையும் மாலையும் அளவாக இறைப்பது கிணற்றுக்கும் பயிருக்கும் நன்று. உவர் ஏறிய கிணறு தேற நெடுங்காலம் செல்லும்.

போகம் முடிந்தபின்

இறைப்பு முடிந்ததும் பம்பியிலுள்ள நீரை வடித்து, சில்லைக் கழற்றித் துப்புரவாக்கி, தண்டுக்கு எண்ணெய் பூசுக. எரிபொருளை வடித்துவிட்டு, இயந்திரத்தை மழை படாத இடத்தில் வைக்க. வாசர், பொதிகயிறு, தீப்பொறிச் செருகி ஆகியவற்றுள் ஒவ்வொன்றை முன்னதாகவே வாங்கி வைத்தல் நன்று. மாரியில் ஒரு நாள் செய்யும் இவ்வேலை, கோடையில் வாடும் பயிரைக் காக்கும்.